சம்பந்தி குளிப்பாட்டிய கார்

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் என் காரை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

என் கையில் காபி டம்ளர். பக்கத்தில், பாயில், என் மகள் பவித்ரா; அவளுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். எதிரே ஒரு பையனின் அம்மா. அந்தப் பையனுக்குப் பவித்ராவைக் கொடுக்கலாமா என்று வீடு பார்க்கத்தான் திண்டுக்கல்லிலிருந்து சேவுகம்பட்டிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு நாங்கள் வந்திருந்தோம். அந்த அம்மாள் தன் மகன் சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழகிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கதை ஒன்றும் காதில் ஏறவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் பையனின் அப்பா காளிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பிடி வைக்கோலைப் பந்தாகச் சுருட்டி, வாளித் தண்ணீரில் முக்கி, துணி சோப்புக் கட்டியில் இரண்டு இழுப்பு இழுத்து, என் கருநீலக் காரின் பின்கதவில் வைத்து முழு பலத்தோடு வட்டம் போட்டார். சர்க், சர்க் என்று கூடத்துக்குள் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

எழுந்திருக்கப் போனேன். பவித்ரா என் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். அவளும் பார்த்துவிட்டாள்.

“அம்மா, சத்தியம் பண்ணிருக்க,” என்றாள், உதடு அசையாமல்.

பண்ணித்தான் இருந்தேன். அன்றைக்கு முழுவதும் யாரையும் ஒரு வார்த்தை சுள்ளென்று சொல்வதில்லை என்று. சொன்னால் இந்தக் கல்யாணம் நடக்காது. ஏற்கனவே ஒன்று அப்படித்தான் கலைந்து போயிருந்தது. ஆகவே உட்கார்ந்தேன். காபியைக் குடித்தேன். வெளியே சர்க், சர்க்.

துடைக்கிறார்களாம்!

போன வாரம் இதே பக்கத்தில், நாற்பது வயதுக்கு மேல் நான் கார் ஓட்டப் பழகிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர், “ஓட்டுறது சரி டீச்சர். அதை எதுக்கு வாரவாரம் இம்புட்டு நேரம் தடவிக்கிட்டே இருக்கீங்க? அதையும் எழுதுங்க,” என்றார். எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் ஊரில் மற்றவர்கள் தங்கள் கார்களை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னைத்தான் பைத்தியம் என்பீர்கள்.

எங்கள் எதிர்வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் படித்து முடித்ததும் ஒரு மஞ்சள் துணியோடு வெளியே வருவார். தண்ணீர் கிடையாது. வறட்டுத் துணி. அதை நாலு உதறு உதறிவிட்டு, காரின் மேல் படிந்திருக்கும் மண்ணை அப்படியே பானெட் முழுக்க இழுப்பார். மண் என்றால் என்ன? பொடிக்கல். கல்லை வைத்துப் பெயின்ட்டைத் தேய்க்கிறோமே என்று ஒரு படித்த மனிதருக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றாது. துணி மெத்தென்று இருக்கிறதே, அது போதும் அவருக்கு. வெயில் விழும்போது அவருடைய காரைப் பாருங்கள். சிலந்தி குடித்தனம் நடத்துகிற மாதிரி வலைவலையாகக் கோடு.

அவர்தான் என்னைப் பார்த்து நக்கல் செய்வார். “டீச்சர், உங்க காரு ஓடுறதுக்கா, கும்புடுறதுக்கா?”

“ரெண்டுக்கும்தான் சார். உங்களுது எதுக்கு?” என்று ஒருநாள் கேட்டேன். மஞ்சள் துணியை உதறிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பைபாஸ் பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற இடம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே வரிசை நிற்கும். அங்கே ஒரு ஸ்பாஞ்சு வைத்திருக்கிறார்கள். லாரி டயருக்கும் அதுதான், உங்கள் கார் பானெட்டுக்கும் அதுதான். கீழே விழுந்தால் எடுத்து, தன் கால்சட்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடியும் தேய்ப்பார்கள். கடைசியில் டயருக்கு எண்ணெய் மாதிரி ஏதோ ஒன்றைத் தடவி மினுக்கிவிடுவார்கள். வண்டிக்காரர் டயரைப் பார்த்துப் பூரித்துப்போய், “அடேயப்பா, புதுசு மாதிரி ஆயிருச்சே!” என்பார். காரில் பெயின்ட் இருப்பது டயரில் இல்லை என்று யார் போய்ச் சொல்வது?

டாக்சி ஸ்டாண்டில் டீசல் துணி. அது இன்னொரு கூத்து. டீசலில் நனைத்த துணியால் துடைத்தால் பளபளவென்றுதான் இருக்கும். செம்பட்டி தாண்டுவதற்குள் ரோட்டுத் தூசி முழுவதும் அதில் அப்பிக்கொள்ளும்.

ஆயுத பூஜையைப் பற்றிச் சொன்னால் சாமி குத்தம் என்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். பானெட்டில் மூன்று பட்டை விபூதி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூஜை முடிந்ததும் துடைக்கலாம் அல்லவா? மாட்டார்கள். அது வெயிலில் காய்ந்து, வெடித்து, பொங்கல் வரைக்கும் அங்கேயே கிடக்கும். உதிர்ந்த பிறகு பார்த்தால் பெயின்ட்டில் வெளிறிப்போய் ஒரு வட்டம். சாமி கேட்டதா பானெட்டில்தான் வேண்டும் என்று? நான் நம்பர் பிளேட்டில் ஒரு பொட்டு வைக்கிறேன். இதுவரை எந்தச் சாமியும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்

இவளுக்குத் திட்டத்தான் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். என் முறையையும் சொல்லிவிடுகிறேன்.

வடமதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் திருச்சி ரோட்டில் போய்வருகிற கார் இது. கொட்டகையில் நிறுத்திப் போர்வை போர்த்தி வைத்திருக்கிற கார் இல்லை. லாரி வாரியடிக்கிற சகதி, ரோடு போடுகிற இடத்தில் தெறிக்கிற தார், பள்ளிக்கூட வாசல் மரத்துக் காக்காய் எச்சம், எல்லாம் இதன்மேல்தான். அதனால்தான் இவ்வளவு பாடு. வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுப்பவர்களுக்கு என்ன, அவர்கள் தூங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பிப்பேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தகரம் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர். மேலிருந்து ஊற்றி மண்ணைத் தானாக இறங்க விடவேண்டும். அதுவரை காரை யாரும் தொடக் கூடாது. அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். பூப்போல இழை தொங்குகிற கையுறையை ஷாம்புத் தண்ணீரில் முக்கி ஒரு கதவைத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசி, அதிலுள்ள மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் மறுபடியும் ஷாம்பு வாளிக்குப் போகவேண்டும். மேலிருந்து கீழே, நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டம் போடவே கூடாது. சக்கரத்துக்குத் தனித் துணி. காக்காய் எச்சத்தை நகத்தால் சுரண்டுகிற கைகளை உடைக்க வேண்டும். அதன்மேல் ஈரத் துணியைச் சற்று நேரம் போட்டு வைத்தால் தானாகக் கழன்று வரும்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வருகிற நல்ல தண்ணீரில் ஒரு வாளி எடுத்துக்கொள்வேன். இதில்தான் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை வரும். அவர் அதிகம் பேசாத மனிதர். கார் ஓட்டவும் தெரியாது. ஆனால் அந்த வாளியைப் பார்த்தால் மட்டும் வாய் வந்துவிடும்.

“ஊரே குடத்தைத் தூக்கிட்டு அலையுது. நீ நல்ல தண்ணியில காரைக் குளிப்பாட்டுற.”

“நீங்க சவரம் பண்றப்ப குழாயை மூடுங்க. ரெண்டு காரு குளிப்பாட்டலாம்.”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். குழாயை மட்டும் மூடியதில்லை.

ஈரத்தை மெத்தென்ற துண்டால் ஒற்றி எடுத்த பிறகுதான் மெழுகு. உள்ளங்கை அளவு டப்பா. விரல் நுனியில் எடுத்தால் ஒரு கதவுக்குப் போதும். அள்ளி அப்புகிறவர்களுக்குக் கை வலிதான் மிச்சம். மெலிசாகத் தடவி விட்டுவிட்டால், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி மங்கலாகப் படரும். அதைச் சுத்தமான துணியால் துடைத்து எடுக்கும்போது உள்ளேயிருந்து கருநீலம் மேலே வரும். புறங்கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது டப்பாவிலிருந்து வரும் லேசான வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெழுகு போட்ட காரில் மழை பெய்தால் தண்ணீர் ஒட்டாது, குண்டு குண்டாக உருண்டு ஓடிவிடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறேன்.

என் பெயரில், என் சம்பளத்தில், எனக்கென்று நான் வாங்கிய ஒரே பெரிய பொருள் அந்தக் கார். அதைப் பார்த்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பானெட்டில் வைத்த டம்ளர்

இப்போது கலைந்துபோன அந்த முதல் சம்பந்தத்துக்கு வருகிறேன்.

பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. பையனின் பெரியப்பா ஒருவர், வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று காபி டம்ளரோடு வெளியே வந்தார். நேராக என் காரிடம் போனார். சூடான டம்ளரை பானெட்டின் மேல் வைத்தார். அது போதாதென்று இடுப்பில் சாவிக்கொத்து தொங்கத் தொங்க, கார்மேல் சாய்ந்து நின்றுகொண்டு போன் பேசினார். அவர் சிரிக்கும்போதெல்லாம் சாவி கீறுவது எனக்கு வாசலிலிருந்தே கேட்டது.

“சார், அது டீக்கடை பெஞ்சு இல்ல. டம்ளரை எடுங்க,” என்றேன்.

“ஒரு டம்ளர் வச்சதுக்கா இம்புட்டுக் கோவம்?”

“பின்ன? உங்க வழுக்கையில வச்சுக்கங்களேன், அதுவும் பளபளன்னுதான் இருக்கு.”

சாயங்காலமே போன் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். காலையில் பொருந்தியிருந்த ஜாதகம்!

எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அடுத்தவர் பொருளில் சாயாதே என்று சொன்னால் ரோஷப்படுகிற வீட்டில் என் மகள் போய் என்ன சுகம் காணப்போகிறாள்? ஆனால் பவித்ரா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய்விடுவாள். ஒருநாள் மட்டும் வாசற்படியில் நின்று, “உனக்கு நான் முக்கியமா, காரு முக்கியமாம்மா?” என்று கேட்டாள். கேள்வியே தப்பு என்று சொன்னேன். அவள் அழுதுகொண்டே போனாள். அது எனக்கு வலித்தது.

கை நனைக்கிற வீடு

பிறகு அவளாகவே வந்து தினேஷைப் பற்றிச் சொன்னாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில்தான் அவனும் இருக்கிறான். பிடித்திருக்கிறது என்றாள். தோட்டம் துரவு உள்ள வீடு, அப்பா அம்மா இருவரும் நல்ல மாதிரி என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரையும் எதுவும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு. இதையும் நீ கெடுத்தா, இனிமே எனக்குக் கல்யாணப் பேச்சே எடுக்காத.”

பெற்ற பிள்ளையின் தலையில் கை இருக்கும்போது என்ன செய்வது? சத்தியம் பண்ணினேன்.

தினேஷையும் அவள் எச்சரித்து வைத்திருந்தாள் என்று பின்னால்தான் தெரிந்தது. “எங்கம்மாகிட்ட என்ன வேணாலும் பேசு. காரை மட்டும் தொட்டுறாத,” என்று. அவனும் தொடவில்லை. அப்பாவிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காபி, தண்ணீர் குடிக்கலாம். இலை போட்டுச் சாப்பிடக் கூடாது. சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதைக் ‘கை நனைக்கிறது’ என்போம். பேச்சுவார்த்தை சரிவராவிட்டால், எவ்வளவு பசித்தாலும், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

முந்தின நாளே காரைக் கழுவி, மெழுகு போட்டு வைத்திருந்தேன். வத்தலக்குண்டு ரோடு வரைக்கும் மினுமினுவென்றுதான் போனது. சேவுகம்பட்டி தாண்டித் தோட்டத்துக்குத் திரும்பினதும் மண் பாதை. இரண்டு பக்கமும் தென்னை. டிராக்டர் ஒன்று முன்னால் போய்ப் புழுதியைக் கிளப்பிவிட்டது. போய் இறங்கும்போது கார் செம்மண் நிறத்தில் இருந்தது. பவித்ரா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சிரித்தேன். சிரிப்பதற்குச் சத்தியத்தில் தடை இல்லையே.

வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். பக்கத்துத் தொழுவத்தில் ஒரு ஜோடி மாடு கட்டியிருந்தது. வெள்ளை மாடுகள். முதுகிலிருந்து குளம்பு வரைக்கும் ஒரு சாணிக் கறை கிடையாது. கொம்பெல்லாம் மினுமினுவென்று இருந்தது. பொய் சொல்வானேன், திண்டுக்கல்லில் எந்தக் காரையும் அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை.

காளிமுத்து எங்களை வரவேற்றுவிட்டு என் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “அடடா, தூசி இம்புட்டு ஏறியிருக்கே,” என்றார். அவர் ஒரு பேச்சுக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வேப்பமரத்தடி

அப்படித்தான் அந்த சர்க், சர்க் ஆரம்பித்தது.

உள்ளே பேச்செல்லாம் முடிந்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பையனின் அம்மா எழுந்து, “இலையைப் போட்டுறவா மதினி?” என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

“செத்த இருங்க மதினி. காத்தாட நின்னுட்டு வாரேன்,” என்று எழுந்தேன். பவித்ராவின் முகம் வெளிறிவிட்டது. “ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி,” என்று அவள் காதில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

காளிமுத்து வியர்த்து வழிய நின்றார். ஒரு பக்கத்துக் கதவு இரண்டும் முடிந்திருந்தது. பானெட்டும் முடிந்திருந்தது. தூசி போயிருந்தது, உண்மைதான். ஈரம் காய்ந்த இடத்தில் சாய்வாக நின்று பார்த்தேன். சட்டி தேய்த்த மாதிரி வட்டம் வட்டமாகக் கோடு. எத்தனையோ வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

“வாங்க டீச்சரம்மா,” என்றார். முகம் முழுக்கச் சந்தோஷம். “முன்னெல்லாம் சம்பந்தி வீட்டு வண்டி வந்தா, மாட்டை அவுத்து, கெணத்தடியில குளிப்பாட்டி, தீனி வச்சுத்தான் அனுப்புவோம். வந்தவுகளைக் கவனிக்க வீட்டுல ஆளு இருக்கு. வந்த வண்டியை நாந்தானே கவனிக்கணும்? இப்ப மாடு இல்ல, காருல வாராக. அதுக்காக அழுக்கோட அனுப்ப முடியுமா?”

“அதுக்கு… வைக்கோலாண்ணே?” என்றேன். என் தொண்டையிலிருந்து வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“துணி வேலைக்கு ஆகாது டீச்சரம்மா. வைக்கல வச்சு வட்டமாத் தேச்சாத்தான் அழுக்கு விடும். நம்ம மாட்டைப் பாருங்க!”

மாட்டைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து அசைபோட்டது. எத்தனையோ பதில்கள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. ஒவ்வொன்றாக முழுங்கினேன். மாட்டுத் தோல் வேறு, பெயின்ட் வேறு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த மனிதர் தன் மாட்டுக்குச் செய்வதைத்தான் என் காருக்கும் செய்திருந்தார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அப்போதுதான் தினேஷ் வெளியே வந்தான். காரைப் பார்த்தான். வைக்கோலைப் பார்த்தான். ரத்தம் ஏறிவிட்டது முகத்தில்.

“ஏப்பா, உனக்கு அறிவிருக்கா? மாட்டைத் தேய்க்கிற வைக்கலைக் கொண்டாந்து காருல… பட்டிக்காட்டுத்தனம் பண்ணி ஏம்ப்பா என் மானத்தை வாங்குற? போட்டுட்டு உள்ள போ மொதல்ல!”

காளிமுத்துவின் கை நின்றது. வைக்கோல் பந்து நழுவி மண்ணில் விழுந்தது. ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாதவர் மாதிரி வேட்டியைத் தொட்டார், விட்டார். வாசலில் அவர் சம்சாரம், என் வீட்டுக்காரர், பவித்ரா என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. காரின் கதவையே பார்த்தார்.

“கோடு விழுந்துருச்சா டீச்சரம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். “நான் தண்ணின்னுல்ல நெனைச்சேன்.”

“தண்ணிதாண்ணே. காஞ்சா போயிரும்,” என்றேன்.

இத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்ததில் இவ்வளவு தப்பான விடையை நான் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டுத் தினேஷ் பக்கம் திரும்பினேன். பவித்ரா வாசலிலிருந்து, “அம்மா…” என்றாள். சத்தியம் அதோடு போயிற்று.

“தம்பி, இது யாரு காரு?”

“உங்களுதுங்க அத்தை.”

“கத்துறதா இருந்தா நாந்தான கத்தணும்? உங்களை யாரு கத்தச் சொன்னா? வந்தவுக முன்னால பெத்த அப்பனைப் பார்த்து அறிவிருக்கான்னு கேட்ட வாயி, நாளைக்கு என் மகளைப் பார்த்து என்னா கேக்கும்? அவளுக்கும் எத்தனையோ தெரியாது. சாம்பார்ல உப்புப் போடத் தெரியாது. அதுக்கெல்லாம் ஊரைக் கூட்டி இப்படித்தான் கத்துவீங்களா? அதுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் இலையைப் பத்திப் பேசுவோம்.”

பவித்ரா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சரி, இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும், அவள் என்னோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும், இதைக் கேட்காமல் இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று நின்றேன்.

தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அப்பாவிடம் போனான்.

“தப்பாப் பேசிட்டேன்ப்பா,” என்றான்.

“அட, விடுப்பா அங்கிட்டு. பெரிய இது,” என்றார் காளிமுத்து.

தினேஷ் என்ன நினைத்தானோ, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டினான். கீழே கிடந்த வைக்கோல் பந்தை எடுத்து வாளியில் முக்கினான். “எந்தப் பக்கம்ப்பா இன்னும் பாக்கி?” என்று கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் போய்க் குனிந்தான்.

மண்ணில் விழுந்த வைக்கோல்! அதில் ஒட்டியிருந்த மணல் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதை உதறக்கூட இல்லை. சர்க் என்று முதல் வட்டம் போட்டான். என் காரின் நல்ல பக்கம். அதுவரை ஒரு கோடு விழாத பக்கம். இடையில் நிமிர்ந்து, பயந்துகொண்டே என்னைப் பார்த்தான்.

“என்னா தம்பி, தடவிக்கிட்டிருக்கீங்க? நல்லா அழுத்தித் தேய்ங்க,” என்றேன்.

காளிமுத்து சிரித்துவிட்டார். இன்னொரு பிடி வைக்கோலைச் சுருட்டிக்கொண்டு அவரும் மகன் பக்கத்தில் போய் நின்றார். நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

“மதினி, இலையைப் போடுங்க. இவுக ரெண்டு பேரும் அந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வரட்டும். நாங்க கை நனைக்கிறோம்.”

பவித்ரா ஓடிவந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கண்ணீரும் கண்மையும் என் பட்டுச் சேலையெல்லாம் அப்பின. இந்தக் குடும்பத்தில் எதையும் ஒழுங்காகத் துடைக்க ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை

விடிந்ததும் காரை வாசலுக்குக் கொண்டுவந்தேன். தோட்டத்து உப்புத் தண்ணீர்ப் புள்ளி, சோப்புத் திட்டு, அதன்மேல் திரும்பி வந்த வழித் தூசி. எல்லாவற்றையும் என் முறைப்படி, இரண்டு வாளி வைத்து, மேலிருந்து கீழே கழுவினேன். கோடு மட்டும் அப்படியே இருந்தது. மிஷின் வைத்துத் தேய்த்தால் பாதிக்கு மேல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஆளும் தெரியும். போன் போடத் தோன்றவில்லை. டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் மெழுகை எடுத்து, கோட்டின் மேலேயே தடவினேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மஞ்சள் துணி வெளியே வந்தது. என் காரைப் பார்த்ததும் அவருக்கு வந்த ஆனந்தத்தை நான் சொல்லி முடியாது. தெருவைத் தாண்டியே வந்துவிட்டார்.

“என்ன டீச்சர், உங்க காருலயே இம்புட்டுக் கோடு! எவன் தேச்சான் இப்படி? இருங்க, நான் ஒரு தட்டுத் தட்டிப் பாக்குறேன்.” மஞ்சள் துணியை உதறிக்கொண்டு பானெட் பக்கம் கையை நீட்டினார்.

“கையை எடுங்க சார்,” என்றேன். “அது எங்க சம்பந்தி வீட்டுச் சீரு. அதுல உங்க கோடு விழுந்துறக் கூடாது.”